ராஜமலையில் மூன்று மணி நேரம்: கடலோரத்துக்காரர்களுக்கான இரவிகுளம் குறிப்புகள்

மூணாறு போய் வந்தவர்களிடம் ராஜமலை எப்படி இருந்தது என்று கேட்டால், "ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னோம், பஸ்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க, ஒரே மூட்டம், நாலு ஆடு நின்னுச்சு, திரும்பிட்டோம்" என்ற பதில் கடலூர், புதுச்சேரிப் பக்கம் சாதாரணமாகக் கிடைக்கும். பொய் இல்லை. மே மாத ஞாயிற்றுக்கிழமை மதியம் 12 மணிக்கு மேல் போய் இறங்கினால் இரவிகுளம் தேசியப் பூங்கா அப்படித்தான் இருக்கும். அதே சாலையில் காலை முதல் பஸ்ஸில் போகிறவர் பார்ப்பது வேறு பூங்கா. இங்கே டிக்கெட்டைவிட நேரம்தான் முக்கியம்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். அதில் பொதுமக்களுக்குத் திறந்திருப்பது ராஜமலை என்கிற ஒரு ஓரம், அதிலும் ஒரு தார்ச்சாலை, அவ்வளவுதான். 2,695 மீட்டர் உயரமுள்ள, தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. அதைக் கீழிருந்து பார்க்கலாம்; சுற்றுலா வந்தவர்கள் ஏற அனுமதி கிடையாது. "நான் கூட்டிட்டுப் போறேன் சார்" என்று டவுனில் யாராவது சொன்னால் காசும் போகும், வனத்துறை வழக்கும் வரும். மலையேற்றம்தான் வேண்டும் என்பவர்களுக்கு அக்கம்பக்கத்தில் முறையான வழிகள் உண்டு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் புல்மலை தேயிலைத் தோட்டமாக மாறாமல் தப்பியதற்குக் காரணம் வேட்டை. சுற்றியிருந்த மலைகளையெல்லாம் திருத்திக் கொழுந்து நட்ட வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள், இந்த உச்சிப் பகுதியைத் தங்கள் வேட்டைக்காக அப்படியே விட்டுவைத்தார்கள். 1928-இல் அதற்கென்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். காவலுக்கு அந்த மலைப் பழங்குடியினரான முதுவர் குடிகளிலிருந்து ஆள் எடுத்தார்கள். 1971-இல் கேரள அரசு நிலத்தை மீட்டது. 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. பஸ்ஸில் ஏறும்போது ஒரு பக்கம் கத்தரித்துவிட்ட தேயிலை, சட்டென்று ஒரு கோட்டுக்கு அப்பால் வெறும் புல்லும் பாறையும் என்று காட்சி மாறும். அந்தக் கோடுதான் மேலே சொன்ன வரலாறு.

புல்வெளி ஏன் மேட்டில், காடு ஏன் மடிப்புக்குள் என்ற கேள்வி அந்தச் சாலையில் நடக்கிற எல்லோருக்கும் வர வேண்டியது. மேட்டில் காற்று ஓயாமல் அடிக்கிறது, மண் ஆழமில்லை, தை மாத இரவுகளில் உறைபனி விழுகிறது. திறந்தவெளியில் முளைக்கிற மரக்கன்றை அந்தப் பனி கருக்கிவிடும். புல்லுக்கு ஒன்றும் ஆகாது. மலை மடிந்து ஈரமும் மண்ணும் சேரும் இடங்களில் மட்டும் மரங்கள் குட்டையாக, நெருக்கமாக, பாசி போர்த்தி நிற்கும். அதுதான் சோலை. மழையை உறிஞ்சி வைத்துக் கோடையிலும் ஓடையாக விடுவது சோலையும் புல்வெளியும் சேர்ந்து செய்கிற வேலை. இங்கே பிறக்கும் பாம்பாறு கிழக்கே இறங்கி அமராவதி அணைக்குப் போகிறது. அமராவதி கரூர் அருகே காவிரியில் சேர்கிறது. காவிரியின் வெள்ளம் கொள்ளிடம் வழியாக நம் கடலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையில் கடலைத் தொடுகிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து வயல்காரருக்கு இரவிகுளம் அத்தனை தூரத்து ஊர் இல்லை.

எப்போது போவது என்பதில் நம் விடுமுறை நாட்களும் அந்த மலையின் நாட்களும் ஒத்துப்போவதில்லை. இங்குள்ள காட்டு மலையாடான வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்கா மூடியிருக்கும். குட்டிகள் முன்கூட்டியே தென்பட்டால் ஜனவரி கடைசியிலேயே மூடிவிடுவதும் உண்டு. ஆகவே பொங்கல் விடுமுறையைத் தாண்டித் தள்ளிப்போடுகிறவர்கள் அறிவிப்பைப் பார்த்துவிட்டு ரூம் போடுங்கள். ஏப்ரல், மே நம் ஊரில் கத்திரி, பள்ளி விடுமுறை, மூணாறு முழுக்க வண்டி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டும். நமக்கு ஆடிக்காற்றோடு வெயிலடிக்கிற அந்த நாட்களில் "இங்க மழையே இல்லையே" என்று கிளம்பிப்போய் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். எங்கள் கணக்கில் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரையும், டிசம்பரில் மழை விட்ட பிறகு கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு முந்தைய வார நாட்களும் நல்லவை. வடகிழக்குப் பருவமழை கடலூரை நனைக்கும்போது போடி மலைச்சரிவிலும் பெய்யும் என்பதால் நவம்பரில் மண்சரிவுச் செய்தியைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

மழை விஷயத்தில் அசட்டுத் துணிச்சல் கூடாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறுக்கும் ராஜமலைக்கும் நடுவிலுள்ள பெரியவரைப் பாலம் உடைந்து மறையூர்ச் சாலை துண்டானது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மூணாறு இருக்கும் இடுக்கி மாவட்டத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்று வானிலைத் துறை சொன்னால் பயணத்தை மாற்றிவிடுங்கள். அன்றைக்குப் பூங்காவும் பெரும்பாலும் திறக்காது.

டிக்கெட்டை ஆன்லைனில் நேரத்தோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். காலையின் முதல் நேரத்தையே எடுங்கள். வார இறுதியிலும் தொடர் விடுமுறையிலும் முதலில் தீர்வதும் அதுதான். மூணாறு டவுனிலிருந்து மறையூர்ச் சாலையில் அஞ்சாம் மைல் வரை சொந்த வண்டி. அங்கே நிறுத்திவிட்டுப் பூங்காவின் பஸ்ஸில்தான் மேலே போக முடியும். டவுனிலிருந்து எட்டு கிலோமீட்டர்தானே என்று கடைசி நேரத்தில் கிளம்பாதீர்கள். ராஜமலைக்கு வரும் வண்டிகளாலேயே அந்தச் சாலை அடைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் முன்னால் அங்கிருந்தால் டீ குடித்து, கழிப்பறை போய், நிதானமாக ஏறலாம். டிக்கெட் எடுத்தவரின் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். தின்பண்டம், பிளாஸ்டிக் உறை, ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில் எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும். எவர்சில்வர் பாட்டில் ஒன்று போதும்.

காலை நேரத்துக்கு ஏன் இத்தனை அழுத்தம் என்றால், மூட்டம். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகிச் சரிவு வழியே மேலே வரும். மேலே குளிர்ந்து மேகமாகும். பதினொரு மணியிலிருந்து இந்த வேலை தொடங்கிவிடும். எட்டு மணிக்கு ஆனைமுடியின் பாறை முகம் முழுதாகத் தெரிந்த அதே இடத்தில் பன்னிரண்டு மணிக்கு எதிரே நிற்கும் ஆள் மங்கலாகத் தெரிவார். மூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால் உடனே திரும்பி நடக்காதீர்கள். இருபது நிமிடம் நின்றால் பல நாட்களில் ஒரு கிழிசல் விழும்.

பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து ஏற்றமான தார்ச்சாலையில் ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்கு நடை. இதை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம், முடித்துவிடவும் கூடாது. கூட்டம் நேராகக் கடைசி வளைவுக்குப் போய், படம் எடுத்து, திரும்பும். நீங்கள் ஒவ்வொரு வளைவிலும் நின்று மேலே உள்ள பாறைத் திட்டுகளைப் பாருங்கள். வரையாடு பாறை நிறத்தில் இருப்பதால் அசையும் வரை கண்ணில் படாது. 8x42 பைனாகுலர் இருந்தால் நல்லது. பெரிய லென்ஸ் தேவையே இல்லை, ஏனென்றால் ராஜமலை வரையாடுகள் மனிதர்களுக்குப் பழகியவை. சாலையோரமே வந்து மேயும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான இதை இவ்வளவு பக்கத்தில் பார்க்க வேறு இடம் கிடைப்பது அரிது. உலகிலுள்ள வரையாடுகளின் மிகப் பெரிய கூட்டமும் இந்தப் பூங்காவில்தான்.

பெட்டையும் குட்டிகளும் சாம்பல்-பழுப்பு. முதிர்ந்த கிடா கறுத்து, முதுகில் சேணம் வைத்தாற்போல் வெளிறிய திட்டோடு இருக்கும். எடை 100 கிலோவைத் தொடும், பெட்டை அதில் பாதி. கொம்பு இரண்டு பாலுக்கும் உண்டு, பின்னோக்கி வளைந்தது. இணைசேர்வது மழைக்காலத்தில் என்பதால், மற்ற மாதங்களில் பெரிய கிடாக்கள் தனியே பிரிந்து எட்டாத சரிவுகளில் இருக்கும். சாலையோரம் பார்ப்பது பெரும்பாலும் பெட்டைகளும் குட்டிகளும் இளங்கிடாக்களும்தான். பழகிய விலங்கு என்பதற்காகத் தொட்டுப் பார்ப்பதும் பிஸ்கட் நீட்டுவதும் குற்றம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. குட்டியோடு செல்ஃபி எடுக்கக் குனிந்து வழக்கில் சிக்கியவர்கள் உண்டு. படம் நன்றாக வர ஒரு வழி: தரையோடு உட்கார்ந்து, அது நடக்கும் திசையில் முன்னால் இடம் விட்டு, காத்திருங்கள். பின்னாலேயே போனால் பின்புறம்தான் கிடைக்கும்.

பறவை பார்ப்பவர்களுக்கு இந்தச் சாலை ஒரு புதையல். புல்வெளியில் நீலகிரி நெட்டைக்காலி நடந்து திரியும். சோலை விளிம்பின் அடிப்புதரில் கறுப்பும் ஆரஞ்சுமான ஒரு சின்ன ஈப்பிடிப்பான், சற்று மேலே நீலகிரி ஈப்பிடிப்பான், சிரிப்பான்களின் கூட்டம். இவை மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களை விட்டு வேறெங்கும் இல்லாதவை. நம் புதுச்சேரி ஊசுட்டேரியில் வருடம் முழுக்க உட்கார்ந்தாலும் இவற்றில் ஒன்றுகூடக் கிடைக்காது.

நீலக்குறிஞ்சி பற்றி ஒரு வார்த்தை. கூட்டமாகப் பூப்பது 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை: 2006, 2018, அடுத்தது 2030, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. இடைப்பட்ட ஆண்டுகளில் "குறிஞ்சி பூத்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் பல, குறிஞ்சி இனத்தின் வேறு செடிகள். அவற்றுக்கு வேறு வேறு பூப்புச் சுழற்சி. அந்தப் படத்தை நம்பி ரயிலேற வேண்டாம்.

இனி உடம்பு, உடை, வண்டி. கடல்மட்டத்திலிருந்து போகிற நமக்கு இவைதான் பயணத்தைக் கெடுப்பவை.

ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஆறரை டிகிரி வெப்பம் குறையும். ராஜமலை 2,000 மீட்டரை ஒட்டியது. அதாவது நம் ஊர் வெப்பத்தில் 13 டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். மே மாதம் இங்கே 38 என்றால் அங்கே 25, சுகம். ஜனவரி விடியலில் இங்கே 21 என்றால் அங்கே 8, அதோடு காற்று. தோட்டப் பள்ளங்களில் குளிர்காற்று இரவில் தேங்குவதால் பூஜ்ஜியத்தைத் தொடுவதும் உண்டு. தி. நகரில் வாங்கிய ஒரே ஒரு கனத்த ஸ்வெட்டர் இதற்கு உதவாது: ஏறும்போது வேர்க்கும், கழற்றினால் நடுங்கும். உள்ளே வேர்வை காயும் துணி, நடுவில் மெல்லிய கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முகட்டுக் காற்றில் குடை திரும்பிக்கொள்ளும், ரெயின்கோட் கொண்டுபோங்கள். குளிர்கிறதே என்று வெயிலை மறந்துவிடாதீர்கள். உயரத்தில் தோல் சீக்கிரம் கறுக்கும்.

இந்த உயரத்தில் மலைநோய் வராது. மூச்சு வாங்குவது நடைப்பழக்கம் இல்லாததால்தான். கடலூரின் கேப்பர் மலை மேட்டை மலை என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அது பயிற்சிக்குப் போதாது. ஒரு மாதம் முன்பு செஞ்சி ராஜகிரிக்கு ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள், ஏறத்தாழ 800 அடி. அது முடிந்தால் ராஜமலை நடை ஒன்றுமே இல்லை, பின்னால் சொல்லப்போகிற சின்னார் மலையேற்றமும் முடியும்.

வழி: புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல். கடலூர்க்காரர்கள் விருத்தாசலம் வழியே திருச்சி நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். திண்டுக்கல்லில் பாதை பிரிகிறது. ஒன்று தேனி, போடி, போடிமெட்டு. மற்றது பழனி, உடுமலை, சின்னார், மறையூர். எப்படிப் போனாலும் மூணாறு 450 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஒரே ஓட்டுநர் இரவு முழுக்க ஓட்டி விடியலில் மலையேறுவது மிகக் கெட்ட வழக்கம். திண்டுக்கல்லிலோ தேனியிலோ இரவு தங்கிவிட்டுக் காலையில் ஏறுங்கள். ரயில் என்றால் விழுப்புரத்திலிருந்து திண்டுக்கல் வரை வந்து பஸ் மாறலாம். உடுமலைப் பாதை காட்டுக்குள் போவதால் இரவில் செக்போஸ்ட் மூடிவிடும். மாலை நான்கு மணிக்குள் உடுமலையைத் தாண்டாவிட்டால் அங்கேயே ரூம் பாருங்கள். வழியில் யானை நிற்கும். வண்டியை விட்டு இறங்காதீர்கள், ஹாரன் வேண்டாம். வாடகை வேன் என்றால் கேரள பெர்மிட் யார் பொறுப்பு என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். புதுச்சேரியில் கிளம்புகிற நண்பர் குழுக்களுக்கு: டிக்கியில் மது பாட்டில் வேண்டாம். விழுப்புரம் எல்லையிலேயே பயணம் முடிந்துவிடும்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். போடியில் பரோட்டா சால்னா சாப்பிட்டுவிட்டு ஏறினால் எட்டாவது வளைவில் வெளியே வரும். இரண்டு இட்லி போதும். குமட்டல் உள்ளவர் முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்க்க வேண்டும். கைபேசி கூடவே கூடாது. வாந்தி மாத்திரையை மலை தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். ஓட்டுநர் போடக் கூடாது, தூக்கம் வரும். காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள். கைக்குழந்தைக்கு அப்போது பால் கொடுங்கள்.

கடலோர வண்டிக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊரின் ஈரக்காற்றில் இன்னும் வேகமாக. ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்துக் குமிழி விடும். அப்போது பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. சமவெளியில் வருடக்கணக்கில் தெரியாத இந்தக் கோளாறு மலை இறக்கத்தில்தான் தெரியும். இரண்டு வருடத்துக்கு மேலானால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். வெயிலில் காய்ந்து வெடித்த வைப்பர் ரப்பரையும் சேர்த்து மாற்றுங்கள். மூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும்; லோ பீமும் ஃபாக் விளக்கும்தான். கண்ணாடியின் உட்புறம் வேர்த்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாமல் ஏசியைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். குறுகலான வளைவில் ஏறிவரும் வண்டிக்கே முதல் வழி. டயர் காற்றை மேலே போய்க் குறைக்கவோ கூட்டவோ தேவையில்லை. உயரமும் குளிரும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுசெய்துவிடும்.

இனி மலையேற்றம். ராஜமலை காலையோடு முடிந்துவிடுவதால் மீதி நாளை மறையூர்ப் பக்கம் செலவிடுவது மூணாறு டவுனுக்குத் திரும்புவதைவிடப் பல மடங்கு மேல். வழியில் லக்கம் அருவி. மறையூரில் சந்தனக் காடும், முனியறை என்று அழைக்கப்படும் கற்திட்டைகளும், புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லமும். ஆலையில் சூட்டோடு வாங்குங்கள். அதற்கும் கீழே சின்னார் வன உயிரினச் சரணாலயம். மேலே மூணாற்றில் கொட்டும் மழை, மலையைத் தாண்டி இங்கே வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குள் பாசி படிந்த சோலையிலிருந்து முள்காட்டுக்கு வந்துவிடுவீர்கள். நட்சத்திர ஆமையும் நரை அணிலும் உள்ள காடு. வனத்துறை வழிகாட்டியோடு தூவானம் அருவிக்கு நடந்து போகலாம். வழிகாட்டிகள் காட்டை அறிந்த உள்ளூர்ப் பழங்குடியினர். நாம் பார்க்கும் முன்பே யானை வாசம் அவர்களுக்குத் தெரியும். நன்றாகத் தமிழ் பேசுவார்கள், கேள்வி கேளுங்கள். வெயில் அதிகம், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அழுத்தமான நிறமில்லாத உடை, பிடிப்புள்ள ஷூ.

உயரமான முகட்டில் நடக்க ஆசையென்றால் 2,640 மீட்டர் மீசைப்புலிமலை. கேரள வன வளர்ச்சிக் கழகத்தில் முன்பதிவு செய்து, அவர்கள் முகாமில் தங்கி, வழிகாட்டியோடு ஏறுவதே சரியான முறை. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் சோலை வழியில் அட்டை ஏறும். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகி, மேலே அட்டைக் காலுறை போடுங்கள். கடித்த அட்டையை வெடுக்கென்று பிய்க்காமல் நகத்தால் பக்கவாட்டில் நெம்பி எடுங்கள். ரத்தம் சிறிது நேரம் நிற்காமல் கசியும், அதனால் ஆபத்தில்லை. கொழுக்குமலை ஜீப் சூரியோதயத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். காட்சி நல்லதுதான், ஆனால் அந்தக் கல் பாதையில் முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் ஏறவே கூடாது. வயதானவர்களோடு போகிறவர்கள் வட்டவடைப் பாதையில் பாம்பாடும் சோலையைத் தேர்ந்தெடுக்கலாம். கேரளத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா, கூட்டம் குறைவு.

திரும்பும் நாள் மதியத்துக்குள் இறங்கத் தொடங்குங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் டி-யில் விட்டுவிடாமல் எல் அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் ஒருமுறை அழுத்தி வேகம் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிக்கொள்ளும். இன்ஜினை அணைத்து நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று சொல்லும் உறவினர் ஒருவர் எல்லா வேனிலும் இருப்பார். அவரைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.